கபூர் வாசலில் நிற்கும் கார்

மூன்றாவது தடவையும் கார் கபூரின் வீட்டு வாசலில்தான் நின்றது.

ஏற்றம் முடிந்து பாதை சமமாகும் இடம் அது. முதலில் ஒரு நடுக்கம் வந்தது, குளிர்காய்ச்சல்காரனின் தாடை அடித்துக்கொள்வது போல. பிறகு அக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இரைச்சல்தான் கேட்டது, சக்கரம் உருளவில்லை. டேஷ்போர்டில் மஞ்சளாக ஏதோ ஜப்பான் எழுத்து எழுந்தது. யாராலும் படிக்க முடியாத அந்த எழுத்து சற்று நேரம் நின்றுவிட்டு அணைந்தது. டிரைவர் இந்திரகுமார் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான்.

விறாந்தையில் இருந்த கல் வியாபாரி கபூர் எழுந்து சாரத்தை இறுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ரஸாக் நானா! வண்டிக்கே எங்கட வாசல் புடிச்சிப் போச்சி. நீங்க மட்டும் எறங்க மாட்டேங்கிறீங்க. ஒரு தேத்தண்ணி?"

அதே தொழில் செய்யும் அப்துல் ரஸாக் பதில் ஸலாம் சொன்னார். இறங்கவில்லை. முன் இருக்கையில் நேராகப் பார்த்தபடி இருந்தார். கால் மணி நேரம் கழித்து கார் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கியது. மேலே மாணிக்கக் குழிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பகலில் போனில் சொல்லப்பட்ட நீலக்கல் கைமாறிவிட்டிருந்தது. கபூரின் ஆள் குறுக்குப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்து போயிருந்தான். குழிக்காரன் அதைச் சொல்லவில்லை. ஈரமண்ணில் டயர்த் தடம் இருந்தது.

பெல்மதுளையில் ரஸாக்கின் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். ரஸாக் இறங்கி, கதவைச் சாத்தாமல், குனிந்து சொன்னார்.

"குமார், கெட்ட வண்டி எங்கயும் நிக்கும். இது ஒரே வாசல்ல நிக்கிது."

"எனக்கும் அதுதாங்க மொதலாளி வெளங்கல."

"எனக்கு வெளங்குது. இன்னொரு தரம் கபூர்ட வாசல்ல நிண்டா, சாவிய மேசைல வெச்சிட்டுப் போ."

சாவியை வைத்துவிட்டுப் போவது பெரிதில்லை. வேறு வண்டி கிடைக்கும். ஆனால் கல் வியாபாரியின் டிரைவர், போகிற இடத்தைக் காட்டிக்கொடுத்தான் என்று துரத்தப்பட்டால், இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வரைக்கும் ஒரு கதவும் திறக்காது. இந்திரகுமாருக்கு அது நன்றாகத் தெரியும். நாற்பத்தாறு வயதில் அவனிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

ஒன்பது வருடமாக அந்தப் பெயரை அவன் காத்துவந்தான். ரஸாக்கிடம் வேலை செய்வதற்கு ஒரு முறை இருந்தது. எங்கே போகிறோம் என்று அவர் சொல்வதில்லை, டிரைவர் கேட்பதும் இல்லை. காரில் ஏறியதும் டிரைவரின் போனை அணைத்து டேஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். சந்திக்குச் சந்தி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரும். "வலப்பக்கம்." "இடப்பக்கம்." "நேரா." நேராகவே போகிற பாதையிலும் சில நேரம் "நேரா" என்பார், பழக்கத்தில். காலையில் இந்திரகுமாரின் மனைவி கோகிலா தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் புறப்படும்போது கேட்பாள்.

"இன்னைக்கி எந்தப் பக்கம்?"

"தெரியாது."

"புருசன் ஊரெல்லாம் சுத்துறான், எங்க சுத்துறான்னு அவனுக்கே தெரியாது. நல்ல பொழப்பு."

அது ஒன்பது வருடப் பேச்சு. அவன் சொன்னது எல்லா நாளும் உண்மை.

அதற்கு முன் தோட்டத்துக் கொழுந்து லொறி. பதினேழு வயதில் கிளீனர், இருபத்தொன்றில் டிரைவர். தொழிற்சாலை மூடும்வரை அந்த லொறிதான். செங்குத்தான ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல், கிளச்சையும் அக்ஸிலேட்டரையும் பாதி பாதி பிடித்து, லொறியை ஓர் அங்குலம் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நிறுத்தி வைப்பான். கணக்கப்பிள்ளை தன் தேநீர்க் கோப்பையை மட்கார்டில் வைத்துவிட்டு, லொறி உறுமிக்கொண்டிருக்கும்போதே பெயர் பதிவார். தேநீர் சிந்தாது. வேறு எந்த விஷயத்திலும் பெருமை பேசாதவன் இதை மட்டும் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறான்.

ரஸாக்கிடம் முதலில் ஒரு பழைய வேன் இருந்தது. கையால் கியர் போடுவது. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய மருமகன் இன்ஷாப் அதை விற்றுவிட்டு இந்த ஜப்பான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். கிளச் மிதி கிடையாது. ஆனால் உள்ளே இரண்டு கிளச் இருக்கிறதாம், காரே மாற்றிக்கொள்ளுமாம்.

"இது லொறி இல்ல குமாரண்ணே," என்றான் இன்ஷாப். "புள்ளயத் தூக்கிற மாதிரி மெதுவா ஓட்டோணும்."

இந்திரகுமார் அப்படித்தான் ஓட்டினான். இருந்தும் முதல் நாளிலிருந்தே அவனுக்கும் காருக்கும் ஒத்துவரவில்லை. காலையில் கொட்டகையிலிருந்து பின்னால் எடுக்கும்போது வெட்டி இழுக்கும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது அடியில் டொக் என்று ஒரு சத்தம். ஏற்றத்தில் பிரேக்கை விட்டால் ஒரு கணம் யோசிக்கும். அந்த ஒரு கணத்தில் ஒரு முழம் பின்னால் உருளும். பின்னால் நிற்கிற ஆட்டோக்காரன் சிங்களத்தில் தாயைக் கூப்பிடுவான். இரத்தினபுரி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நெரிசலில் ஊர்ந்தால் கால் வழியாக நடுக்கம் ஏறும். சொல்லாமல் முடிவெடுக்கிற ஆளோடு ஒரே வீட்டில் இருப்பது போலிருந்தது.

மூன்றாவது தடவைக்குப் பிறகு அவனுக்கு இன்ஷாப் மேல் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவன் காரை எடுத்துக் கண்டபடி ஓட்டுகிறானோ? சனிக்கிழமை மாலை காரை விட்டபோது, முன் டயருக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தேயிலை இலையைச் செருகிவிட்டு வந்தான். திங்கள் காலை குனிந்து பார்த்தான். இலை அப்படியே இருந்தது. கொஞ்சம் வாடியிருந்தது, அவ்வளவுதான்.

நிமிர்ந்தபோது இன்ஷாப் படியில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன தேடுறீங்க?"

"காத்துப் பாத்தேன் தம்பி."

"டயர்ல காத்தா, இல்ல வேற எதாச்சுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனான். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து மாமனாரும் மருமகனும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. 'பழைய வேன்' என்ற சொல் இரண்டு தடவை வந்தது.

அன்று மாலையே கோகிலாவிடம் சொன்னான். அவள் கொழுந்துச் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அவனச் சந்தேகப்படுறீங்க. அவன் ஒங்களச் சந்தேகப்படுறான். மொதலாளி ரெண்டு பேரையும். அந்தக் காருக்கு யாரு மேல சந்தேகமோ, அதக் கேட்டீங்களா?"

"கேட்டா சொல்லுது. ஜப்பான்ல சொல்லுது."

சொல்லிவிட்ட பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது. கார் ஒவ்வொரு தடவையும் எதையோ எழுதிக் காட்டுகிறது. கோகிலாவின் தங்கை மகள் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். அவள் போனை எழுத்துக்கு முன்னால் பிடித்தால் போன் அதைத் தமிழில் சொல்லிவிடுகிறதாம். ஆனால் காரில் போனைத் தொட்டால், முதலாளியிடம் அதைவிடப் பெரிய சாட்சி வேறு வேண்டாம்.

வியாழக்கிழமை மறுபடி அதே பாதை. "இடப்பக்கம்," என்றார் ரஸாக், ஏற்றத்தின் அடியில். நாலரை மணி. மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரம். முதுகில் சாக்கோடு பெண்கள் பாதை நிறைய மேலே நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். இந்திரகுமார் எப்போதும் போல அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய நடைக்கே காரை விட்டான். அவர்கள் நின்று சாக்கை மாற்றினால் இவனும் அக்ஸிலேட்டரை ஒரு நூல் மிதித்துப் பிடித்து நிற்பான். கார் முன்னும் போகாது, பின்னும் போகாது. நடந்தால் இவனும் நகர்வான். மடுவம் வந்ததும் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வளைவில் கபூரின் வீடு.

வளைவுக்கு முன்பே கால் வழியாக நடுக்கம் ஏறியது. மஞ்சள் எழுத்து எழுந்தது. அவன் சட்டென்று ஓரங்கட்டினான். கபூரின் கூரை தெரிந்தது, வாசல் தெரியவில்லை.

"டயர் ஒரு மாதிரியா இருக்குங்க மொதலாளி. பாத்துர்றேன்."

ரஸாக் அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு இறங்கி, குடையை விரித்து, குழிக்கு நடந்தே போனார்.

எழுத்து இன்னும் அணையவில்லை. இந்திரகுமார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். தாள் இல்லை. இடது உள்ளங்கையில் வரைந்தான். நிறைய எழுத்து. எல்லாவற்றுக்கும் நேரமில்லை. நடுவில் தடித்துத் தெரிந்த இரண்டை மட்டும் எடுத்தான். ஒன்று வீடு மாதிரி: மேலே கூரை, நடுவில் ஜன்னல், கீழே இன்னொரு ஜன்னல். மற்றது பக்கத்தில் மூன்று துளி, கீழே ஒரு தட்டு. தட்டை முடிக்கும்போது திரை அணைந்தது.

ரஸாக் திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது. கல் கிடைத்ததா இல்லையா என்று அந்த முகத்தில் ஒருநாளும் தெரியாது. கதவைத் திறந்தவரின் கண் ஸ்டியரிங் மேலிருந்த கையில், ஓரத்தில் தெரிந்த மையில் நின்றது.

"என்ன அது?"

"ஒண்ணுமில்லிங்க."

"கையத் திருப்பு."

திருப்பினான். கல்லை மடிக்கிற தாள்களில் வியாபாரிகள் போடுகிற இரகசியக் குறிகளைப் பார்த்துப் பழகிய கண் அது. உள்ளங்கையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"இது யாருக்கு எழுதினது?"

"இந்தக் காரு எழுதினதுங்க மொதலாளி. நா பாத்து வரைஞ்சேன். வேற ஒண்ணுமில்லிங்க, சத்தியமா."

"கையக் கழுவாத," என்றார் ரஸாக். இந்தத் தடவை முன் இருக்கையில் ஏறவில்லை. பின்னால் ஏறி, அவன் முதுகுக்கு நேரே உட்கார்ந்தார். "எடு."

இடப்பக்கம். நேரா. நேரா. இரத்தினபுரி தாண்டியது. நேரா. குருவிட்டயில் ஆற்றோரம் ஒரு கராஜ் முன்னால் "நிப்பாட்டு" என்றார். இந்திரகுமாருக்கு இடது கை மரத்துப்போயிருந்தது. அந்தக் கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்காமலே ஓட்டி வந்திருந்தான், வியர்வையில் மை கரையக்கூடாது என்று.

கராஜ் வைத்திருந்த மெக்கானிக் பாஸ் ஒரு நடுவயதுச் சிங்களவர். ஐந்து வருடம் ஜப்பானில் பழைய வண்டி உடைக்கிற இடத்தில் வேலை செய்தவர். அதனால்தான் ரஸாக் இங்கே வந்திருக்கிறார் என்று இந்திரகுமாருக்கு அப்போதுதான் விளங்கியது. பேச்சு சிங்களத்தில் நடந்தது. பாஸ் அவனுடைய கையைப் பிடித்து, கைரேகை பார்க்கிறவர் மாதிரி விரித்தார்.

"எழுத்து கோணல். ஆனா சரி. இது 'உயரம்'. இது 'சூடு'. கியர்பெட்டி கொதிக்குது, நிறுத்துன்னு வண்டி சொல்லுது." பிறகு ரஸாக்கைப் பார்த்தார். "கையில எழுதிக் கொண்டுவந்த முதல் ஆள் இவர்தான் ஹாஜியார்."

கராஜுக்குப் பின்னால் ஒரு சின்ன ஏற்றம் இருந்தது. பாஸ் இந்திரகுமாரை ஓட்டச் சொன்னார். பாதையைப் பார்க்கவில்லை, அவன் காலையே பார்த்தபடி இருந்தார். பாதி ஏற்றத்தில் "இங்க நில்லுங்க" என்றார். இந்திரகுமார் நின்றான். பிரேக்கைத் தொடவில்லை. அக்ஸிலேட்டரில் ஒரு நூல். கார் ஓர் அங்குலம் அசையவில்லை. அந்த இடத்திலும் அவனுக்குள் ஒரு சின்னப் பெருமை தலை தூக்கியது.

பாஸ் சிரித்தார். "அதுதான் நோய். வேற ஒன்றுமில்லை. கால் மிதி இல்லையென்றாலும் உள்ளே கிளச் கிளச்தான். நீங்கள் இப்படிப் பிடித்து வைக்கும்போது அது தேய்ந்து தேய்ந்து சுடுது. ஊர்ந்தாலும் அதேதான். இந்தப் பெட்டிக்கு இரண்டுதான் தெரியும்: போறது, நிற்கிறது. நடுவில் தொங்கவிடாதீர்கள்."

"யாரும் முன்னால நடந்தா?"

"ஹோர்ன் அடியுங்கள். ஒதுங்குவார்கள்."

இந்திரகுமார் ஹோர்னைப் பார்த்தான். அவன் கிளீனராக இருந்த காலத்தில், அப்போதைய லொறி டிரைவர் ஏற்றத்தில் சாக்கு சுமந்து போன பெண்களுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தார். ஒருத்தி திடுக்கிட்டுச் சாக்கோடு பாதையோர வடிகானுக்குள் விழுந்தாள். யாரும் சத்தம் போடவில்லை. மறுநாள் ஒரு பெண்ணும் லொறியில் சாக்கு ஏற்றக் கைகொடுக்கவில்லை. மடுவத்தில் இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்று பார்த்தார்கள். டிரைவரும் கிளீனருமாக அத்தனை சாக்கையும் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அந்த மனிதர் லயம் லயமாகப் போய் ஒவ்வொரு வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து முதுகில் சுமை கண்டால் இந்திரகுமாரின் விரல் ஹோர்ன் பக்கம் போகாது. அது பயமா மரியாதையா என்று அவன் யோசித்ததில்லை.

காரிலிருந்து இறங்கியதும் ரஸாக் தமிழுக்கு மாறினார்.

"அப்ப நீதான்."

"ஆமாங்க மொதலாளி. என் காலுதான்."

"கல்லுக்குச் சூடு வெச்சா வெல ஏறும். நீ காருக்குச் சூடு வெச்சீக்கிற." அவர் சிரிக்கவில்லை. "அப்ப கபூர்ட வாசல்?"

இந்திரகுமார் சொன்னான். குழியில் பிற்பகலில்தான் மண் கழுவுகிறார்கள், கல் கண்டால் போன் வருகிறது, நாம் புறப்பட்டு ஏற்றத்தடிக்குப் போகும்போது நாலரை ஆகிறது, அது கொழுந்து நிறுக்கும் நேரம், மடுவம் வரைக்கும் பொம்பளையாட்களுக்குப் பின்னால் ஊர்கிறேன், மடுவத்தைத் தாண்டினால் கபூர் வீடு. அவ்வளவுதான்.

ரஸாக் அவனை நெடுநேரம் பார்த்தார், சாவணத்தில் பிடித்த கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல.

"கத நல்லா ஈக்கி," என்றார் கடைசியில். "ஒரு கொறயும் இல்ல."

இந்திரகுமாருக்கு அது நல்ல சொல்லாகக் கேட்கவில்லை. குறையே இல்லாத கல்லை ரஸாக் வாங்கமாட்டார். கண்ணாடியாக இருக்கும் என்பார்.

மறுநாளே போன் வந்தது. "இடப்பக்கம்," என்றார் ஏற்றத்தடியில். மறுபடி முன் இருக்கையில்தான் இருந்தார். அதே நாலரை மணி, அதே சாக்குகள், அதே பெண்கள். இந்திரகுமார் முழுவதுமாகப் பிரேக்கை மிதித்தான். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். காலைத் தரையில் வைத்தான்.

ரஸாக்கின் கை இடுப்பு வாருக்குப் போனது. கல் வாங்கப் போகிறபோது அங்கேதான் எல்லாம் இருக்கும். பெண்கள் மேலே ஏறிவிட்டால் ஆளில்லாத ஏற்றத்தடி. இரண்டு பக்கமும் றப்பர் மரங்கள். பாதை நடுவில் நிறுத்தப்பட்ட கார்.

"எவ்வளவு நேரம்?"

"அவங்க மடுவத்துக்கு ஏறட்டும். பத்து நிமிசம்."

"ஹோர்ன் அடி."

"அது மட்டும் முடியாதுங்க மொதலாளி."

சொன்ன பிறகு அவனுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. சாவி அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து நீட்டுவதற்குத் தயாராக இருந்தான். ரஸாக் அவனையும், மரங்களையும், கண்ணாடியில் தெரிந்த பின்பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னலை ஏற்றினார். ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. கடைசிச் சாக்கு வளைவில் மறைந்தது.

இந்திரகுமார் காரை எடுத்தான். ஒரே மூச்சில் ஏற்றம் ஏறியது. மடுவம் கடந்தது. நடுக்கம் இல்லை, எழுத்து இல்லை. கபூர் விறாந்தையிலிருந்து எழுந்து, ஸலாம் சொல்லக் கையைப் பாதி தூக்கியிருந்தார். கார் நிற்காமல் போனது. அந்தக் கை அப்படியே இருந்ததைக் கண்ணாடியில் இந்திரகுமார் பார்த்தான். ரஸாக் திரும்பவில்லை. ஆனால் அவரும் கண்ணாடியில் பார்த்தார்.

குழியில் என்ன நடந்தது என்று தெரியாது. திரும்பி வரும்போது மடுவத்துக்குக் கீழே ரஸாக் கேட்டார்.

"பகல்ல இந்தப் பாதைல பொம்புளையள் எத்தன மணிக்கி?"

"பகல் நிறுவ பன்னெண்டுக்குங்க. அப்பறம் நாலரைக்கித்தான்."

"அப்ப நாளைக்கி மூணு மணிக்கிக் குழில நிக்கோணும். கழுவுற எடத்துலயே. ரெண்டு மணிக்கி வந்திரு."

இந்திரகுமார் தலையாட்டினான். பெல்மதுளைச் சந்தி வரும்வரை அவனுக்கு அது உறைக்கவில்லை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, நாளை எங்கே போகிறோம் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

உறைத்ததும் கூடவே இன்னொன்றும் வந்தது. இது நம்பிக்கையா, வலையா? நாளை மூன்று மணிக்குக் கபூர் அங்கே நின்றால், ரஸாக்கைத் தவிர அதைத் தெரிந்திருந்த ஆள் இவன் ஒருவன்தான். இதுவரை கேட்டவர்களுக்கு எல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டு அவன் நிம்மதியாக நின்றிருக்கிறான். இனி அப்படி நிற்க முடியாது. ஒருவேளை நாளை ரஸாக் சந்தியில் "வலப்பக்கம்" என்று சொல்லி எதிர்த் திசையில் போவாராயிருக்கும். கபூர் வருகிறாரா என்று பார்க்க வேறு ஆள் வைத்திருப்பாராயிருக்கும். இன்ஷாப்பாகக்கூட இருக்கலாம்.

காலையில் கோகிலா சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னைக்கி எந்தப் பக்கம்?"

அவன் உள்ளங்கையைப் பார்த்தான். கூரை போய்விட்டது. மூன்று துளியில் ஒன்று மட்டும் இன்னும் மங்கலாக இருந்தது.

"தெரியாது," என்றான்.

அவள் எப்போதும் போல ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள் என்று காத்திருந்தான். அவள் அவன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, மலைக்கு ஏறிப் போனாள்.